49 பேர் போதும்

"லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற நோய்க்கு எதுக்கு ஆராய்ச்சி, அந்தக் காசுல நாலு பேருக்கு டயாலிசிஸ் பண்ணலாமே" என்று நன்றாகப் படித்தவர்களே கேட்கிறார்கள். எனக்கு இதில் சுத்தமாக உடன்பாடு கிடையாது.

சார்கோமா என்பது சதை, கொழுப்பு, எலும்பு மாதிரி இடங்களில் வரும் புற்றுநோய். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோயில் நூற்றுக்கு ஒன்றுதான். அந்த ஒன்றுக்குள்ளேயே ஐம்பதுக்கு மேல் வகை, அதில் ரொம்ப அபூர்வமானது அல்வியோலார் சாஃப்ட் பார்ட் சார்கோமா. பெரும்பாலும் வாலிப வயதில், தொடையில் வலியே இல்லாத வீக்கமாக வரும், கண்டுபிடிக்கும்போதே பலருக்கு நுரையீரலுக்குப் போயிருக்கும். வழக்கமான கீமோ அதிகம் கேட்காது. இதற்கு 2022 டிசம்பரில் அமெரிக்காவில் அட்டிசோலிசுமாப் என்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பிவிடும் மருந்தை அனுமதித்தார்கள். அனுமதிக்கு ஆதாரமான ஆய்வில் இருந்தது மொத்தமே 49 பேர், நம்ம ஊர்க் கல்யாணத்தில் ஒரு பந்திக்குக் காணாது. அதில் சுமார் நாலில் ஒருவருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. (விலை நம்ம ஆட்களுக்கு எட்டாது, அது தனிச் சண்டை.)

அப்படியென்றால் நம்ம திருநெல்வேலிப் பக்கம் களக்காட்டில் ஒருத்தருக்கு இது வந்தால் அவர் எவ்வளவு முக்கியம்! இங்கே நடப்பதோ வேறு. என் சித்தப்பா மகன் தொடையில் இருந்ததை ஒரு ஆஸ்பத்திரியில் கொழுப்புக் கட்டி என்று கீறி எடுத்து, பயாப்சிக்குக்கூட அனுப்பாமல் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மறுபடி வளர்ந்த பிறகு திருவனந்தபுரம் கூட்டிப்போனால் முதல் கேள்வியே "பிளாக் எங்கே?"

பிளாக் என்பது எடுத்த சதையை மெழுகில் பதித்து வைப்பது. பெருவிரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடு, ஓரத்தில் பென்சிலால் எழுதிய நம்பர், அவ்வளவுதான். அதை மைக்ரான் கணக்கில் சீவிச் சீவி, வருஷங்கள் கழித்தும் டெஸ்ட் பண்ணலாம். மேலே சொன்ன அல்வியோலார் வகையில் டிஎஃப்இ3 என்ற ஜீன் இன்னொரு ஜீனோடு ஒட்டிக்கொள்கிறது என்று தெரிந்ததே நோயாளிகளின் கட்டியைச் சோதித்துத்தான்.

மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் நம்ம திருநெல்வேலி. சார்கோமா என்று வரும் ஒவ்வொருவரையும் எழுத்தில் சம்மதம் வாங்கிப் பதிவு செய்து, பிளாக்கைப் பத்திரப்படுத்தி, சென்னை, வேலூர் ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்து படிக்கலாமே? "உன்னை வச்சு ஆராய்ச்சி பண்ணுவாங்க" என்று பயமுறுத்துகிற சொந்தக்காரர்களுக்கு ஒன்று: இப்படிப்பட்ட பதிவுக்குக் கேட்பது மிச்சச் சதையும் ஸ்கேன் ரிப்போர்ட்டும்தான்.

அப்புறம், ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிய, அல்லது வளர்ந்துகொண்டே போகிற கட்டி என்றால் கத்தி வைக்கும் முன்னாடியே ஸ்கேனும் ஊசி பயாப்சியும் கேளுங்கள். பிளாக் கையில் கொடுத்தால் பைக் பெட்டிக்குள் போட்டு வெயிலில் நிறுத்திவிடாதீர்கள், அது மெழுகு.