முதலில் தேதியைப் பாருங்கள்

கிறிஸ்துமஸ் பரிசுக்கு பெல்ஜியம் சாக்லேட் பெட்டிகளை நவம்பரிலேயே வாங்கி வைக்கலாம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பெட்டிகளில் இருக்கும் பிரலின் என்பது முழுக்கக் கெட்டியான சாக்லேட் இல்லை. மெல்லிய ஓட்டுக்குள் கொட்டை விழுதோ க்ரீம் சேர்த்த கலவையோ இருக்கும். புது க்ரீம் போட்டது சில வாரங்கள்தான் தாங்கும். 1912-ல் பிரஸ்ஸல்ஸில் நொய்ஹாஸ் கடையில் பிரலின் பிறந்தது. காகிதப் பொட்டலத்தில் அது நசுங்குகிறதே என்றுதான் 1915-ல் கடைக்காரரின் மனைவி 'பலோத்தான்' அட்டைப்பெட்டியை உருவாக்கினார். அந்தப் பெட்டியில் தங்க ரிப்பனைவிட உள்ளே இருப்பதற்குத்தான் மரியாதை.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். அப்புறம் பொருள் பட்டியல். கோகோ வெண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் பாமாயில் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மது சேர்த்த வகைகள் கலந்திருக்கின்றனவா என்றும் கேளுங்கள். போன வருடம் நான் கேட்காமல் வாங்கிப்போய், தோழி வீட்டுப் பிள்ளைகளின் கையிலிருந்து பெட்டியைத் திரும்ப வாங்க நேர்ந்தது. அந்த முகங்கள் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. சிறிய பெட்டி போதும், 250 கிராம். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, புதிதாக அடுக்கித் தரச் சொல்லி வாங்குங்கள்.