ரப்பர் விலாங்கு சிங்கப்பூர் ஓடைகளுக்கு உரியதன்று

மீன்தொட்டிக் கடைகளில் "ரப்பர் விலாங்கு" என்று விற்கப்படும் உயிரினம் சிங்கப்பூர் ஓடைகளுக்கே உரியது என்றும், வளர்க்க இயலாதவர்கள் அதனை மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தில் விட்டால் தன் வாழிடத்திற்கே திரும்பிவிடும் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு, இரண்டாவது தீங்கு விளைவிக்கக்கூடியதும்கூட.

அது மீனன்று, தவளைக்கு உறவான, காலில்லாத சிசிலியன் வகை. டிஃப்லோனெக்டிஸ் நாட்டன்ஸ் எனப்படும் இவ்வினத்தின் தாயகம் கொலம்பியா, வெனிசுவேலா நாடுகளின் ஆறுகள். நுரையீரலாலும் சுவாசிப்பதால் அது அவ்வப்போது நீர்மட்டத்திற்கு வந்து மூச்சு வாங்கும். முட்டையிடாமல் குட்டி ஈனும்.

இக்தியோஃபிஸ் என்னும் வேறொரு சிசிலியன் பேரினத்தில், சிங்கப்பூரின் பெயரைத் தாங்கிய இனம் ஒன்று 1960இல் விவரிக்கப்பட்டது உண்மையே. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் அந்தப் பேரினத்தில் தாய் நீரோரத்து ஈரமண்ணில் முட்டையிட்டு, உடலால் சுற்றிக் காவல் காக்கிறது; லார்வாப் பருவம் மட்டுமே நீரில் கழிய, வளர்ந்தவை மண்ணுக்குள் வளைதோண்டி வாழ்கின்றன. உலகிலுள்ள சிசிலியன்களில் பெரும்பாலானவை இவ்வாறு மண்ணில் வாழ்பவையே. வாழ்நாள் முழுவதும் நீரிலிருப்பவை தென் அமெரிக்காவின் ஒரு சிறு குழு மட்டுமே.

2019இல் ஃபுளோரிடாவின் கால்வாய் ஒன்றில் இதே ரப்பர் விலாங்கு பிடிபட்டபோது, வளர்த்த யாரோ விட்டிருக்கக்கூடும் என்றே ஆய்வாளர்கள் கருதினர். சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி விலங்குகளை நீர்த்தேக்கங்களில் விடுவது சட்டப்படி குற்றம். ஆகவே அந்த அறிவுரையை நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வளர்க்க முடியாதவர்கள் வாங்கிய கடையிலோ அனுபவமுள்ள வேறொரு வளர்ப்பாளரிடமோ அதனை ஒப்படைக்கலாம்.