மங்கினால் உடனே எல்இடியை மாற்றாதீர்கள்
மூவிங் ஹெட் விளக்கு (மேடையில் தலை சுழலும் விளக்கு) மங்கினால் எல்இடி போய்விட்டது, மாட்யூலை மாற்றுங்கள் என்று சிலர் சொல்வது சரியல்ல. அதை நம்பிப் பணத்தைக் கொட்டிவிடாதீர்கள். போட்டவுடன் முழு வெளிச்சம் தந்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து மங்கினால் பெரும்பாலும் சூடுதான் காரணம். ஃபேனில் தூசி அடைத்திருக்கும். சூடு ஏறியதும் விளக்கு தன்னைக் காத்துக்கொள்ள மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். சுத்தம் செய்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

வெளிச்சம் துடித்தால் கதை வேறு. கேபிள் வரிசையின் கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் முனைப் பிளக்) இருக்கிறதா, விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் கேபிளுக்குப் பதில் மைக் கேபிள் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் டிஎம்எக்ஸ் கேபிளைக் கழற்றி, விளக்கின் மெனுவிலிருந்தே டிம்மரை முழு அளவான 255 வரை ஏற்றுங்கள். ஒழுங்காக எரிந்தால் எல்இடி நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ கன்சோல் பேட்சிலோ (கட்டுப்பாட்டுப் பலகையில் விளக்குக்கு முகவரி ஒதுக்கியதில்) இருக்கும்.