தண்டனை முடிந்த பிறகு வந்த கேள்விகள்

சிறைக்குப் போய் வந்த ஒருவர் பள்ளிக்கூடத்தில் நின்று பிள்ளைகளிடம் பேசும் வீடியோ வந்தால், கீழே இரண்டு வகை கமெண்ட்தான். ஒன்று, ‘ஜெயில் ஆளைத் திருத்திவிட்டது’. இன்னொன்று, ‘செத்தவன் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?’ முதலாவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டாவது நியாயமான கேள்வி. ஆனால் கேட்பவர்கள் யாரும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

இங்கிலாந்தின் ஜேக்கப் டன் கதையைப் பாருங்கள். 2011 ஜூலை, நாட்டிங்ஹாம். டிரென்ட் பிரிட்ஜில் இந்தியாவுடன் டெஸ்ட் (ரன் அவுட் ஆன இயன் பெல்லை தோனி திரும்ப ஆட அழைத்தாரே, அதே மேட்ச்). அப்பாவோடு கிரிக்கெட் பார்க்க வந்தவர் ஜேம்ஸ் ஹாட்ஜ்கின்சன், 28 வயது, பாராமெடிக் பயிற்சியில் இருந்தவர். அன்று இரவு ஊருக்குள், முன்பின் தெரியாத 19 வயது ஜேக்கப் விட்ட ஒரே குத்து. ஒன்பது நாள் கழித்து ஜேம்ஸ் இறந்துபோனார். ஜேக்கப்புக்கு 30 மாதத் தண்டனை. 14 மாதத்தில் வெளியே வந்துவிட்டார்.

திருந்தியா வந்தார்? கோபத்தோடு வந்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். நீதிமன்றத்தில் குற்றம் செய்தவர் வாயே திறக்காமல் இருக்கலாம், அவருக்காக வக்கீல் பேசுவார். ‘ஏன்டா அடித்தாய்?’ என்று பெற்றவர்கள் நேராகக் கேட்க அங்கே இடமே கிடையாது.

ஜேம்ஸின் அம்மா ஜோன் ஸ்கார்ஃபீல்டும் அப்பா டேவிட்டும் கேட்டார்கள். குற்றம் செய்தவரும் பாதிக்கப்பட்டவர்களும், இரு பக்கமும் சம்மதித்தால், நடுவர் மூலமாகவோ நேரிலோ பேசிக்கொள்ள வழி செய்வதுதான் சீரமைப்பு நீதி; அதற்காக வேலை செய்யும் ரெமிடி என்ற அமைப்பின் ஆட்கள் நடுவில் நின்று கேள்வியையும் பதிலையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நேரில் உட்கார்ந்து பேசியது வெகு காலம் கழித்துத்தான். நடுவில் அவர்கள் கேட்ட இன்னொரு கேள்விதான் என்னை உலுக்கியது: இனி உன் வாழ்க்கையை என்ன செய்யப்போகிறாய்? மகனைப் பறிகொடுத்தவர்கள் கேட்கிறார்கள்! படிப்பைப் பாதியில் தொலைத்த ஜேக்கப் மறுபடி பரீட்சை எழுதினார், குற்றவியலில் பட்டம் வாங்கினார். இன்று இளைஞர்களிடம் பேசுகிறார். ஜோனும் அவரோடு ஒரே மேடையில் பேசியிருக்கிறார்.

கத்தி எடுத்தால்தான் குற்றம், கை நீட்டுவது ஆம்பளைத்தனம் என்று நினைக்கிற வயசுப் பையன்களுக்கு இவர் பேச்சு உறைக்கும். ‘என் கையில் ஆயுதமே இல்லை’ என்று இவரால் சொல்ல முடியும். போலீஸ்காரரோ வாத்தியாரோ சொன்னால் அது அறிவுரை, அவ்வளவுதான்.

சரி, இந்தச் சீரமைப்பு நீதி மந்திரமா? இல்லை. பிரிட்டிஷ் அரசின் பணத்தில் நடந்த ஆய்வில் மறுபடி குற்றம் செய்யும் எண்ணிக்கை 14% குறைந்தது. பெரிய புரட்சி என்று சொல்ல முடியாது. ஆனால் கலந்துகொண்ட பாதிக்கப்பட்டவர்களில் 85% பேர் திருப்தி என்றார்கள். எனக்கு இந்த எண்தான் முக்கியம். குற்றவாளிக்காக மட்டும் நடக்கிற ஏற்பாடு என்றால் நானே எதிர்ப்பேன்.

அதனால்தான் இதைப் பாதிக்கப்பட்டவர்கள் தலையில் கட்டாயமாகக் கட்டவும் கூடாது. மன்னித்தே ஆக வேண்டும் என்பதும் கிடையாது. இழவு வீட்டுக்குப் போய் ‘கொன்றவனைத் திருத்துங்கள்’ என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று சொல்லலாம், வேண்டாம் என்றால் பேசாமல் திரும்பி வந்துவிடலாம். இங்கிலாந்தில் அந்தத் தகவலைப் பெறுவது பாதிக்கப்பட்டவர்களின் உரிமை என்றே விதி இருக்கிறது. யாரும் வந்து சொல்லாமலே போன குடும்பங்கள் அங்கேயும் ஏராளம்.