மூன்றாவது பெயர்

கம்பத்துக்காரர்களுக்கு ஜீப் என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடிந்தும் விடியாத நேரத்தில் கம்பம், கூடலூர் பக்கத்து ஊர்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு, சில ஜீப்புகள் கம்பம்மெட்டு வழியாகவும் சில குமுளி வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறும். தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள். நாளெல்லாம் செடியின் அடியில் குந்தி உட்கார்ந்து, தரையில் கிடக்கும் சரத்தைத் தூக்கிப் பார்த்து, பழுத்த காயை மட்டும் கிள்ளி எடுக்கிற வேலை. சாயங்காலம் அதே ஜீப்பில் இறக்கம்.

நான் மேலே ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். ஜீப் வந்து நின்றதும் நோட்டில் பேர் போடுவது என் வேலை. சனிக்கிழமை அந்த நோட்டைப் பார்த்துத்தான் கூலி.

போன ஆவணியில் காய் எடுப்பு மும்முரமாக இருந்தபோது, பக்கம் மாற்றி எழுதியதில் முதல் ஜீப்பின் மூன்றாவது பெயருக்கு எதிரே மூன்று நாள் கோடு விழவில்லை. மூன்று நாள் கூலி போச்சு. அவர் வந்து கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் மொத்தம் கூட்டும்போது நானே கண்டுபிடித்தேன். முதலாளியிடம் சொல்லி வரும் சனிக்கிழமை சேர்த்துக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். எனக்கு மூன்று வாரம் ஆனது.

அந்த மூன்று வாரமும் நான் சும்மா இருக்கவில்லை. என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். “சோத்தத்தான் திங்கிறியா” என்று காலையில் ஆரம்பித்தால் ராத்திரி படுக்கிறவரை ஓடும். ரோட்டில் போகிற குடிகாரனைக்கூட அப்படிப் பேசியிருக்க மாட்டேன். ஜீப் சத்தம் கேட்டால் ஸ்டோருக்குள் போய்விடுவேன், காய் உலர்த்துவதை மேற்பார்க்கிற மாதிரி. பேர் போட ஒரு பையனை அனுப்பினேன்.

தன்னைத் தானே வாட்டிக்கொள்வது யோக்கியனுக்கு அடையாளம் என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கும் இருந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். திட்டிக்கொண்டது நான், பணம் கிடைக்காமல் இருந்தது அந்த அம்மா.

இதில் இன்னொரு கேலி உண்டு. இரண்டு வருடம் முன்பு செங்கன்னூர் பக்கம் இருக்கும் தம்ம கேதன விபாசனா தியான மையத்தில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தவன் நான். காலை நாலு மணிக்கு மணி அடிப்பார்கள். பேச்சு கிடையாது. கட்டணமும் கிடையாது, பயிற்சியை முடித்தவர்கள் விரும்பினால் தானம் கொடுக்கலாம். மூச்சைக் கவனிப்பதும் உடம்பைக் கவனிப்பதுமாக நாட்கள் போகும். மெத்தா, அதாவது மைத்திரி பாவனை, பத்தாம் நாள்தான் வரும். பேச்சுத் தடை நீங்குகிற நாளும் அதுவேதான். எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்று நினைக்கச் சொன்னபோது என் பாதி மனசு போன் எப்போது கைக்கு வரும் என்பதிலும், மீதி மனசு முழங்காலிலும் இருந்தது.

ஊருக்கு வந்த பிறகுதான் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்து விசுத்திமக்கம் என்ற பௌத்த நூலை எழுதிய புத்தகோசர், முன்பு காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தன் உரை ஒன்றின் முடிவில் சொல்லியிருக்கிறார். அதனால் நமக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மைத்திரிக்கு ஒரு வரிசை சொல்கிறார், சுருக்கமாக இப்படி: முதலில் தான், அடுத்து பிரியமும் மதிப்பும் உள்ள ஒருவர், அப்புறம் வேண்டியவர் வேண்டாதவர் என்ற இரண்டிலும் சேராத ஒருவர், கடைசியாகப் பகையாளி.

முதலில் தான் என்றதும் நம் ஆட்களுக்கு மூக்கு சுருங்கும். சுயநலம் இல்லையா? அதற்கு அவர் ஒரு கதை வைத்திருக்கிறார். அந்த நாலு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கொள்ளையர்கள் வந்து, பலி கொடுக்க ஒருவரைத் தா என்கிறார்கள். பகையாளியைக் காட்டினால் மைத்திரி முழுமையாகவில்லை, இது எல்லோருக்கும் புரியும். “என்னைக் கொண்டு போங்கள், மற்ற மூவரை விட்டுவிடுங்கள்” என்று சொன்னால்? அப்போதும் முழுமையாகவில்லை என்கிறார் புத்தகோசர். ஒருவருக்குத் தீங்கு நினைத்தாயிற்றே. அந்த ஒருவர் நீயாக இருந்தால் என்ன? நாலு பேரில் யாரையுமே கொடுக்கத் தோன்றாதபோதுதான் நடுவில் உள்ள வேலி விழுகிறதாம்.

படித்த அன்று இதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் “என் உசுர எடுத்துக்க, எம்புள்ளய விட்டுரு” என்று வீரபாண்டி மாரியிடம் வேண்டிய அம்மா வளர்த்த பிள்ளை நான். அந்த அன்பைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் அம்மா தன் சர்க்கரை நோய்க்கு ஒருநாளும் ஒழுங்காக மருந்து சாப்பிட்டதில்லை என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் தியாகம் என்ற பெயரில் நடந்தவற்றில் எத்தனை அந்தக் கதையில் வரும் “என்னைக் கொண்டு போங்கள்” என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன்.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் ரீல்ஸ் ஞானிகள். உன்னை நேசி, உனக்கு ஒரு காபி வாங்கிக் கொடு, மன்னித்துக்கொள், முடிந்தது. தப்பை யார் சரி செய்வது?

எனக்கு இந்த இடத்தில் உதவியது கண்ணகி. எங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறாள். குமுளிக்கு மேல் மங்கலதேவி மலையில், சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் இரண்டு மாநிலத்துக்காரர்களும் ஏறிப் பார்க்கிற கோயில். மணிமேகலையில், வஞ்சிக்குப் போன மணிமேகலை கோயிலில் கண்ணகியைக் கண்டு மதுரையை எரித்தது பற்றிக் கேட்கிறாள். கண்ணகி மழுப்பவில்லை. சினம் அடங்காமல் எரித்தேன், அந்த வினையின் பயனை நான் அனுபவித்தே ஆக வேண்டும், பின்னொரு நாள் புத்தரின் அறம் கேட்டு விடுபடுவேன் என்கிறாள். ஊரையே கொளுத்தியவள் பேசும் தொனியைப் பாருங்கள். சாக்குப்போக்கும் இல்லை, நான் பாவி என்று மார்பில் அடித்துக்கொள்வதும் இல்லை. செய்தது, வரப்போவது, அதற்குப் பின்னும் வழி இருப்பது, இவ்வளவுதான். மூன்று கோடு விட்டவன் அவளைவிடப் பெரிய நாடகம் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு ராத்திரி உட்கார்ந்து அந்த வரிசைப்படி போனேன். எனக்கு நானே நல்லது நினைப்பது கூச்சமாகத்தான் இருந்தது, தாண்டிவிட்டேன். அடுத்து பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், அதில் சிரமமில்லை. மூன்றாவது ஆளாக அந்த அம்மாவை நினைத்தேன். பேர் வந்தது. என் கையெழுத்திலேயே, நீல மையில். முகம் வரவில்லை. ஆறு வருடமாகத் தினமும் எழுதிய பேர்! பகையாளிதான் கடினம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவன் முகமாவது நமக்கு மனப்பாடம். ஆறு வருடம் பார்த்தும் பார்க்காத ஒருவரை எங்கே போய்த் தேடுவது?

மறுநாள் காலை ஜீப் வந்தபோது வெளியே நின்றேன். மூன்றாவதாக இறங்கியவருக்கு வலது புருவத்தில் ஒரு தழும்பு. முதலாளியிடம் முந்தின ராத்திரியே போனில் சொல்லியிருந்தேன். பணத்தைக் கொடுத்து, அக்கா, என் தப்புதான், இவ்வளவு நாள் இழுத்ததும் என் தப்புதான் என்றேன்.

“அட, இதுக்கா தம்பி உள்ள உள்ள ஓடுனீக? எம்மேல ஏதோ கோவம்னுல்ல நெனச்சேன். வேலைய விட்டு நிப்பாட்டப் போறீகளோன்னு தூக்கமே இல்ல.”

எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டவர், போகத் திரும்பிவிட்டு நின்றார்.

“அந்த வாரம் எனக்கு அடுத்த பேருக்கும் ஒருநா கொறஞ்சுச்சே, பாத்தீகளா?”

நோட்டைப் புரட்டினேன். கோடு இல்லை. நாலாவது பேர்க்காரர் அதற்குள் கூடையை எடுத்துக்கொண்டு செடிகளுக்குள் இறங்கியிருந்தார். நோட்டோடு பின்னாலேயே போனேன்.