திருத்தியது கனிவா, கூட்டமா?

எனிட் பிளைட்டன் 1940-ல் எழுதிய ‘தி நாட்டியஸ்ட் கேர்ள் இன் த ஸ்கூல்’ என்ற சிறுவர் நாவல் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் அதன் நாயகி, சேட்டைக்காரச் சிறுமி எலிசபெத் ஆலனைத் திருத்தியது தலைமையாசிரியைகளின் கனிவுதான் என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அவர்கள் பெரும்பாலும் ஒதுங்கித்தான் இருக்கிறார்கள்.

பள்ளி தன்னை வீட்டுக்கே அனுப்பிவிட வேண்டும் என்று திட்டம் போட்டுச் சேட்டை செய்கிறவள் அவள். ஆசிரியர் திட்டினால் அவளுக்கு அது வெற்றி. அவள் படிக்கும் வொயிட்லீஃப் விடுதிப் பள்ளியிலோ விசாரிப்பதும் தண்டனை சொல்வதும் மாணவர்களின் வாராந்தரக் கூட்டம். எல்லார் கைச்செலவுக் காசும் ஒரே பெட்டியில். அதிலிருந்து வாரம் ஆளுக்கு இரண்டு ஷில்லிங். தன் வயதுப் பிள்ளைகளே எதிரில் உட்கார்ந்து நியாயம் கேட்கும்போது யாரிடம் போய் முறைத்துக்கொள்வது? (ஆங்கில விடுதிப் பள்ளி என்றாலே பிரம்பு என்று நினைத்திருந்த எனக்கு அன்று இது பெரிய வியப்பு.)

கட்டுரை தொடாமல் விட்டது எலிசபெத்தின் பள்ளித் தோழி ஜோன் கதை. பிறந்தநாளுக்கு வீட்டிலிருந்து எதுவும் வராத அந்தப் பெண்ணுக்கு, அவள் அம்மா அனுப்பியதுபோல எலிசபெத் ரகசியமாகக் கேக் வரவழைக்கிறாள். உண்மை தெரிந்ததும் ஜோன் உடைந்துபோய் நோயில் விழுகிறாள். சேட்டையால் வராத குற்றவுணர்வு, நல்லது செய்யப் போய் வருகிறது! அப்புறம் ஜோனின் அம்மாவுக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கடிதம் எழுதுகிறாள் பாருங்கள், அவள் மாறியது அங்கேதான்.

முழுக்கத் திருந்திவிட்டாள் என்றும் சொல்ல முடியாது. அடுத்தடுத்த பாகங்களிலும் அதே முன்கோபம்தான், மானிட்டர் ஆன பிறகும்.