சாமிதோப்பு யாருடையது?

மாசி 20 அன்று நாகர்கோவில் நாகராஜா கோயில் திடலிலிருந்து கன்னியாகுமரி மாவட்டச் சாமிதோப்புக்கு ஊர்வலம் புறப்படும் காலம் நெருங்கினாலே, அய்யாவழி இயக்கத்தைத் தோற்றுவித்த ஐயா வைகுண்டர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கும் கூடவே புறப்பட்டுவிடுகிறது. 2024 மார்ச்சில் ஆளுநர் ஆர்.என். ரவி, வைகுண்டர் சனாதன தர்மத்தைக் காக்க வந்த அவதாரம் என்று பேசினார். அய்யாவழியின் தலைமை வழிபாட்டிடமான சாமிதோப்புத் தலைமைப்பதியின் பாலபிரஜாபதி அடிகளார் அதை உடனே மறுத்தார். மறுப்பின் உள்ளடக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் அன்று முதல் என்னை விடாமல் உறுத்துவது, அய்யாவழியின் சார்பாக ஒருவர் பேசிவிட முடியும் என்று நாம் அனைவரும் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொண்டோம் என்பதுதான். அந்த இயக்கம் தோன்றிய விதத்தைப் பார்த்தால், அப்படி ஒரு இடத்தை அது யாருக்கும் ஒதுக்கி வைத்ததாகத் தெரியவில்லை.

1809இல் பிறந்த வைகுண்டருக்குப் பெற்றோர் முதலில் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள் என்றும், நாடார் வீட்டுப் பிள்ளைக்கு முடி சூடுகிற பெயரா என்று மேல்சாதியினர் தடுத்ததால் அது முத்துக்குட்டி ஆயிற்று என்றும் நம் ஊர்களில் வழிவழியாகச் சொல்வார்கள். திருவிதாங்கூரில் அன்று அந்த மக்களுக்குத் தலைவரி உண்டு, கூலியில்லாத ஊழியம் உண்டு, பெண்களுக்கு மேலாடை கிடையாது. தோள்சீலை உரிமை அரச ஆணையாக வெளிவந்தது 1859இல். வைகுண்டர் மறைந்தது 1851இல். தம் மக்கள் அந்த உரிமையைப் பெற்றதை அவர் பார்க்கவில்லை.

நோயுற்ற நிலையில் அவரைத் திருச்செந்தூருக்குக் கொண்டு போனதும், கடலுக்குள் போனவர் மூன்றாம் நாள் கரையேறியதும், கரையேறியது முத்துக்குட்டி அல்ல, வைகுண்டர் என்பதும் மக்களின் நம்பிக்கை. கொல்லம் ஆண்டு 1008, மாசி 20; ஆங்கிலக் கணக்கில் 1833. (அவதாரக் கதையில் எனக்கு நம்பிக்கையில்லை, என் அம்மாவுக்கு உண்டு, இந்தப் பதிவுக்கு அது தடையில்லை.) பிறகு ஆறாண்டு தவம், கூடிவந்த கூட்டம், கூட்டத்தைக் கண்டு மிரண்ட அரசு. சுவாதித் திருநாள் காலத்தில் அவர் கைதாகித் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் வைக்கப்பட்டார். சொந்தச் சாதிக்காரர்களோடு மட்டும் பழகினால் விடுவிக்கிறோம் என்று நிபந்தனை வைத்தார்கள், அவர் ஒப்பவில்லை என்று அய்யாவழி மரபு சொல்கிறது. அந்த நிபந்தனையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அவரைத் தெய்வம் என்று சொன்னவர்களைப் பற்றி அரசுக்குப் பெரிய கவலை இருந்திருக்காது. பல சாதிக்காரர்கள் ஓரிடத்தில் கூடி உண்பதுதான் அதன் தூக்கத்தைக் கெடுத்திருக்கும்.

கிறித்தவ ஊழியர்களுக்கும் அவரைப் பிடிக்கவில்லை என்பது இன்னொரு செய்தி. லண்டன் மிஷன் ஊழியர் ரிங்கல்தௌபே 1806இலேயே மயிலாடிக்கு வந்துவிட்டார்; சாமிதோப்பிலிருந்து அது நடக்கிற தூரம். லண்டன் மிஷன் அறிக்கைகள் முத்துக்குட்டியின் கூட்டத்தைத் தங்கள் பணிக்கு இடையூறாகவே பதிவு செய்தன. அவருடைய ஐந்து சீடர்களுள் தருமச் சீடராகிய சிவனாண்டியும் அதே மயிலாடிக்காரர்தான். மிஷன் ஒரு புறம், அரண்மனை மறுபுறம், இரண்டுக்கும் நடுவே சொந்தக் காலில் நின்ற ஒரு கூட்டத்தை இன்று எந்த முகாமும் தனதென்று உரிமை கொண்டாடுவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

சிறையிலிருந்து திரும்பிய பின் நடந்ததுதான், என் பார்வையில், இந்த இயக்கத்தின் உண்மையான பிறப்பு. வாகைப்பதிக் கடற்கரையில் எழுநூறு குடும்பங்கள் துவையல் தவசு இருந்தன. உப்புநீரில் நாள்தோறும் குளித்து, துணியைத் துவைத்து, ஒரே நேர உணவு உண்டு, உடலைத் தூய்மையாக வைப்பதையே தவமாகச் செய்தார்கள். தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள் தூய்மையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்ட செயல் அது. நடுவில் பூசாரி இல்லை. சாமிதோப்பில் எல்லாச் சாதியினரும் ஒரே கிணற்றில் நீர் இறைத்ததும் அந்த எண்ணத்திலிருந்து வந்ததே. முத்திரிக் கிணறு எனப்படும் அந்தக் கிணற்றில் குளித்துவிட்டுப் பதிக்குள் போவது இன்றும் மாறாத வழக்கம்.

எங்கள் ஊர் நிழல் தாங்கலில், அதாவது அய்யாவழியின் சிறு வழிபாட்டிடத்தில், சிறு வயதில் நான் கண்டது இவ்வளவுதான்: கருவறையில் சிலை இல்லை, ஒரு நிலைக்கண்ணாடி, இரு பக்கமும் விளக்கு. சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். எனக்குத் துண்டு நிற்காது, அவிழ்ந்து அவிழ்ந்து கண்ணை மறைக்கும். பணிவிடை செய்யும் பெரியவர் அதைப் பிடித்து இறுக்கிக் கட்டிவிட்டு, புருவ நடுவிலிருந்து மேல்நோக்கி நாமம் இழுத்துவிடுவார். கண்ணாடியில் தெரிவது முடி சூடிய என் முகம். ஒரு குழந்தைக்குப் பெயரளவில்கூட மறுக்கப்பட்ட முடியை, அந்தக் குழந்தை வளர்ந்து வருகிறவர் போகிறவர் எல்லோர் தலையிலும் வைத்துவிட்டுப் போனதை எண்ணிப் பார்க்கும் வயது எனக்கு அப்போது இல்லை. பணிவிடை முடிந்து இலையில் விழும் உம்பான் என்னும் பிரசாதச் சோற்றின் மேல்தான் கண் இருந்தது.

இனித் தலைமைக்கு வருவோம். சாமிதோப்புப் பதியின் நிர்வாகம் வைகுண்டரின் மகன் பொதுக்குட்டி வழிவந்ததாகச் சொல்லும் குடும்பத்தின் கையில் இருக்கிறது. அந்த உரிமையை ஏற்காத அன்புக்கொடி மக்களும், அதாவது அய்யாவழியினரும், இருக்கிறார்கள். அறநிலையத்துறை பதியை எடுத்துக்கொள்ள முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. அது நியாயமான எதிர்ப்பு. குடும்பம் இல்லையென்றால் பதியின் பழைய வழக்கங்கள் இவ்வளவு கெடாமல் நம் கைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகமே. அந்த நன்றியை நான் மறைக்கவில்லை. ஆனால் பதியைப் பேணும் உரிமை வேறு, வழியின் பொருளைச் சொல்லும் உரிமை வேறு. முதன்மையான ஐந்து பதிகளாகிய பஞ்சப்பதிகளே ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை. நிழல் தாங்கல்களோ அந்தந்த ஊர்க்காரர்களின் முயற்சியில் எழுந்தவை, அவர்கள் கைக்காசில் நடப்பவை.

ஐயாவைப் பற்றி எல்லாத் தரப்பும் சாட்சிக்கு அழைப்பது அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானையை. தாமரைக்குளம் ஹரிகோபாலன் சீடர் 1841இல் எழுதிய அந்த ஏடு 1939இல்தான் அச்சேறியது. ஏறத்தாழ நூறாண்டு படி எடுத்துப் படி எடுத்து வந்ததில், சாமிதோப்பு, பாஞ்சாலங்குறிச்சி, கோட்டங்காடு என்று பாடங்கள் கிளைத்துவிட்டன. நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த மாசிக்குள் கைவசமுள்ள சுவடிகளை எல்லாம் படமெடுத்து, பாடங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிடுங்கள். பதி நிர்வாகமே முன்னின்று செய்யட்டும். ஆளுநரோடு வழக்காடுவதானாலும் அடிகளாரோடு வழக்காடுவதானாலும், ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு வழக்காடலாம்.